முடக்குவாதத்தோடு வரும் பாத வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதம் என்றதும் எல்லோருக்கும் கைவிரல்தான் நினைவுக்கு வரும். கோணிய விரல், வீங்கிய மணிக்கட்டு. ஆனால் மூட்டுவாதப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல வருடமாக அந்த பெஞ்சில் உட்காருகிறவள். எனக்கும் முடக்குவாதம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டது, நான் டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, படித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். மாத்திரை அளவை மட்டும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் வருகிற நோய்தானே இது? பாதத்துக்கு எப்படி வந்தது?

மூட்டுகளின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் முடக்குவாதம். சவ்வு தடித்து, வீங்கி, நீர் கோத்து, நாளடைவில் பக்கத்து எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கும். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. சவ்வு இருக்கிற இடமெல்லாம் நோய்க்கு வாசல்தான். போதாததற்கு, உடம்பு எடை முழுவதையும் தாங்குவதும் பாதம்தான்.

சிலருக்கு நோய் தொடங்குவதே பாதத்தில்தான். எலும்பு அரிப்பு கையில் தெரிவதற்கு முன்பே சுண்டுவிரலின் அடிமூட்டில் தெரிந்துவிடுவதும் உண்டு. “கைதானே வலிக்குது, காலுக்கு எதுக்கு எக்ஸ்ரே?” என்று பலர் கேட்பார்கள். முதல் தடவையே இரண்டு கை, இரண்டு பாதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அந்தப் படங்களைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

விரல்களுக்குக் கீழே, முன்பாதத்தில்தான் வலி. வெறுங்காலோடு நடந்தாலே கூழாங்கல் மேல் மிதிக்கிற மாதிரி இருக்கிறது. ஏன்?

ஏறக்குறைய எல்லோரும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் அடிமூட்டுகள் வீங்கும்போது விரல்கள் மெல்ல மேல்நோக்கி இழுக்கப்படும். அந்த மூட்டுகளுக்கு அடியில் மெத்தை போல ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அதுவும் விரல்களோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். பிறகு எலும்பு முனைக்கும் தரைக்கும் நடுவே தோல் மட்டும்தான். அதனால்தான் அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போகிறது.

வீட்டிலேயே சில விஷயங்களைக் கவனிக்கலாம். பாதத்தைப் பக்கவாட்டில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, கைகுலுக்குகிற அளவு அழுத்தத்தோடு மெதுவாக அமுக்கிப் பாருங்கள். அந்த லேசான அழுத்தத்துக்கே துடித்துப் போனால் அடிமூட்டுகளில் அழற்சி (நோயால் வரும் வீக்கமும் சூடும் வலியும்) இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே வீங்கிய மூட்டு விரல்களை விலக்கும்போது அப்படி ஆகும்.

பெண்களுக்கு இன்னொரு அடையாளம் மெட்டி. வருடக்கணக்கில் தளர்வாகச் சுற்றிக்கொண்டிருந்த மெட்டி இறுகி, கழற்றினால் தோலில் பள்ளம் தெரிகிறதா? விரல் வீங்கியிருக்கிறது. வீங்கிய விரலில் மெட்டியை விட்டு வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போட்டும் வரவில்லை என்றால் வெட்டி எடுத்துவிடலாம். வீக்கம் குறைந்த பிறகு பெரிய அளவில் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வலி நோயால் வருகிறதா, பாதத்தின் அமைப்பு கெட்டுப்போனதால் வருகிறதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அழற்சி வலிக்கு எத்தனை ஜோடி செருப்பு மாற்றினாலும் பலன் இருக்காது, மருந்துதான் வேண்டும். அமைப்பு கெட்டதால் வரும் வலிக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் பக்க விளைவுதான் மிச்சம்.

அழற்சி வலி ஓய்வில் கூடும். காலையில் எழுந்ததும் பாதம் மரக்கட்டையாக இருக்கும். அந்த விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரம் என்று நீடிக்கும். கொஞ்சம் நடமாடினால் இளகும். மூட்டைத் தொட்டால் சூடு தெரியும், புறங்கையால் தொட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். சில சமயம் நடுராத்திரியில் எழுப்பிவிடும். கூடவே மற்ற மூட்டுகளிலும் வலி, உடம்பெல்லாம் அசதி இருக்கும்.

அமைப்பு கெட்ட வலி நேர்மாறு. காலையில் பரவாயில்லை, நிற்க நிற்க, நடக்க நடக்கக் கூடும். உட்கார்ந்தால் குறையும். சூடு இருக்காது. காய்ப்பு இருக்கிற இடத்திலோ வளைந்த விரலின் மேல்பக்கத்திலோ, ஒரு விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி குறிப்பான இடத்தில் வலிக்கும்.

பல வருடம் நோய் இருப்பவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்த இடம், எப்போது கூடியது, அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள். அதைக் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

டாக்டர் கையை அமுக்கிப் பார்க்கிறார், முழங்காலைப் பார்க்கிறார். பாதத்தைப் பார்ப்பதே இல்லையே?

அதற்கு ஒரு காரணம் உண்டு. நோய் எவ்வளவு தீவிரம் என்று கணக்கிட உலகம் முழுவதும் பயன்படும் ஓர் அளவுகோல் ‘டாஸ் 28’. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால் என்று 28 மூட்டுகளை மட்டும் எண்ணுவார்கள். கணுக்காலும் பாதமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேகமாகப் பார்த்து முடிக்க வசதியாக அமைத்த முறை அது. அதனால் கையெல்லாம் சரியாகி, பாதத்தில் மட்டும் நோய் எரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு “நோய் அடங்கியிருக்கிறது” என்று கணக்கு வந்துவிடலாம்.

ஆகவே நாம்தான் காட்ட வேண்டும். உள்ளே போகும் முன்பே செருப்பையும் காலுறையையும் கழற்றிவிடுங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே “பாதத்தில்தான் அதிகம், பாருங்கள்” என்று சொல்லுங்கள். கூட்டம் அதிகமான ஓ.பி.யில் கடைசியில் சொன்னால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள். வீக்கம் வந்துபோகிறது என்றால் வீங்கிய நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல் என்கிறார்கள். எனக்கு வலி மட்டும் நிஜமாக இருக்கிறதே?

உங்கள் வலி நிஜம்தான். அந்த இரண்டும் உடம்பு முழுக்க உள்ள அழற்சியின் அளவைக் காட்டும் சோதனைகள். ஒன்றிரண்டு சின்ன மூட்டுகளில் மட்டும் அழற்சி இருந்தால் அவை ஏறாமலே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பாதத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். சவ்வு தடித்திருப்பது, தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) சுற்றி நீர் கோத்திருப்பது எல்லாம் அதில் தெரியும்.

கணுக்காலின் உட்பக்கம் வீங்கியிருக்கிறது. பாதம் தட்டையாகிக்கொண்டே வருகிற மாதிரி தோன்றுகிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு தசைநாண் ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அழற்சி அதைத் தாக்கினால் அது நைந்து, வளைவு சரியும். வீட்டில் யாரையாவது உங்களுக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, பாதத்தின் வெளி ஓரத்தில் இரண்டு மூன்று விரல்கள் எட்டிப் பார்த்தால் அது சரிவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரே காலில் குதிகாலை உயர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் தசைநாண் பலம் இழந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே வளைவைத் தாங்கும் இன்சோலும் கணுக்கால் பிரேஸும் போட்டால் சரிவை மட்டுப்படுத்தலாம். எலும்புகள் இறுகிவிட்ட பிறகு வாய்ப்பு குறைவு.

எனக்குக் குதிகாலில் வலி. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதை வெட்டி எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்த எலும்பு முள் வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் இருக்கிறது. பெரும்பாலும் வலிப்பது குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் உள்ளங்கால் நார்ப்பட்டைதான். காலையில் வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துகிற வலி, பத்து அடி நடந்ததும் குறைவு, சாயங்காலம் மறுபடியும் வலி. இது சாதாரணமாக எல்லோருக்கும் வருவது. கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும்.

ஆனால் வயது நாற்பத்தைந்துக்குக் கீழே, இரண்டு குதிகாலிலும் வலி, விடியற்காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு எழுப்புகிறது, நடந்தால்தான் இளகுகிறது, கண் அடிக்கடி சிவந்து வலிக்கிறது, அல்லது சொரியாசிஸ் இருக்கிறது என்றால் கதை வேறு. முதுகுத்தண்டையும், தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்களையும் தாக்கும் இன்னொரு வகை மூட்டுவாதமாக இருக்கலாம். ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வீங்குவதும் இந்த வகையில் வரும். ‘எச்.எல்.ஏ. பி27’ என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள். இந்த வலிக்கும் எலும்பு முள்ளுக்கும் சம்பந்தமில்லை.

குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: டாக்டர் தேவை என்றால் போடுவார். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகால் மெத்தை மெலிந்துபோகலாம், நார் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அவர்கள் தயங்குகிறார்கள்.

ராத்திரி திடீரென்று கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. இதுவும் முடக்குவாதமா?

இது பெரும்பாலும் கவுட். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் வருவது. முதல் தடவை என்றால் காத்திராமல் காட்டுங்கள், கிருமித்தொற்றும் இதே மாதிரிதான் இருக்கும்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாமே? பயமாக இருக்கிறது.

1940களில் புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்துதான். அது வந்த வழியில் நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தலைமை தாங்கிய ஆய்விலிருந்து கிளைத்தது இது. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் முறைப்படி அனுமதி கிடைத்தது 1988இல். புற்றுநோய்க்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் நமக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு. இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். எலும்பு அரிப்பைத் தடுப்பதால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றுவதும் இதுதான்.

மூன்று விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, இது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துத் தருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிடுங்கள். இரண்டு, கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்ய வேண்டும். மது கூடாது. மூன்று, குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், கருவை இது பாதிக்கும்.

பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். “ரெண்டு வாரம் சாப்பிட்டேன், கால் வலி அப்படியே இருக்கு” என்று நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப்போகும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் டாக்டர்கள் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு தருகிறார்கள்.

ஒரு பொடி வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. தொடரலாமா?

எனக்கு மிகவும் கவலை தருகிற கேள்வி இது. மூன்று நாளில் முடக்குவாத வலி பறந்தால், அதில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படத்தான் வேண்டும். பெயர் இல்லாத, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பொட்டலம் எதையும் சாப்பிடாதீர்கள். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் பிறகு வரும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். நாள் கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். வலியைக் குறைக்குமே தவிர எலும்பு அரிப்பை அது நிறுத்தாது.

எந்தச் செருப்பு வாங்குவது?

பிராண்டு சொல்ல மாட்டேன், எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரையுங்கள், அப்போதுதான் வீக்கம் முழுதாக இருக்கும். அந்தத் தாளைச் செருப்பின் மேல் வைத்தால் எந்தப் பக்கமும் வெளியே நீட்டக் கூடாது. நம் கடைகளில் பெண்களுக்கான செருப்பில் முக்கால்வாசி இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். ஆண்கள் பிரிவில் தேடத் தயங்காதீர்கள்.

குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பை நழுவாமல் பிடிக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்குகிறோம். ஏற்கெனவே வளைந்துவரும் விரல்களுக்கு அது கெடுதல். இறுக்கவும் தளர்த்தவும் வெல்க்ரோ நல்லது, கைவிரல் வலி உள்ளவர்களுக்குக் கொக்கி மாட்டுவதே ஒரு வேலை. அடிப்பாகம் நடுவில் துணி மாதிரி மடங்கக் கூடாது. முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைந்து, பாதம் உருண்டு போகிற மாதிரி இருந்தால் முன்பாத மூட்டுகளுக்குச் சுமை குறையும். குதிகால் உயரம் வேண்டாம்.

எம்.சி.ஆர். செருப்பு பலருக்கும் தெரிந்ததுதான். வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பரவலாகப் பயன்பட்ட அந்த மெத்தென்ற ரப்பர், இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் நமக்கும் உதவுகிறது. ஆனால் வெறும் மெத்தை மட்டும் இருந்தால் போதாது. வளைவு சரிந்தவர்களுக்குத் தாங்கலும் வேண்டும்.

முன்பாத வலிக்கு ஒரு சின்ன திண்டு கிடைக்கும். அதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினால் வலி கூடும். அந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வலிக்கும் புள்ளியில் ஈரக் குங்குமம் தொட்டு வைத்து இன்சோல் மேல் ஏறி நில்லுங்கள், அச்சு விழும். அந்த அச்சுக்குப் பின்னால் திண்டு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுப் பிரிவில் அளவெடுத்துச் செருப்பு, இன்சோல் செய்யும் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

வீட்டுக்குள் செருப்புப் போட்டால் மாமியார் முகம் சுளிக்கிறார்.

வீட்டுக்கென்று தனி ஜோடி வையுங்கள், அது வாசல்படி தாண்டவே கூடாது. கிரானைட், டைல்ஸ் தரை பாதத்துக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்காது. அதன் மேல் காலை டிபன் முடியும் வரை வெறுங்காலோடு நிற்பது பெரிய சுமை. சமையல்மேடைக்கு முன்னால் தடித்த ரப்பர் பாய் ஒன்று போட்டு, உயரமான ஸ்டூல் ஒன்றும் வையுங்கள். காய் நறுக்குவது, பருப்பு தாளிப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். பூஜை அறைக்குள் மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

வெந்நீரா, ஐஸா?

மூட்டு சூடாக, வீங்கி இருந்தால் குளிர்ச்சி. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம். சூடில்லாமல் விறைப்பு மட்டும் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர். காலையில் எழுந்ததும் பக்கெட் தண்ணீரில் பாதத்தை வைத்து விரல்களை மடக்கி நீட்டினால் விறைப்பு சீக்கிரம் இளகும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் இரண்டையுமே டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. சுட்டது கூடத் தெரியாது. எண்ணெய் தடவி மெதுவாக நீவலாம், வீங்கிய மூட்டை அழுத்திப் பிசையக் கூடாது.

வலிக்கும்போது நடக்கலாமா?

படுத்தே இருந்தால் தசை மெலியும், விறைப்பு கூடும். அழற்சி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள். அப்போதும் உட்கார்ந்தபடி கணுக்காலைச் சுழற்றுங்கள். மற்ற நாட்களில் நடக்கலாம், துண்டு துண்டாக. ஒரே மூச்சில் நாற்பது நிமிடத்துக்குப் பதில் பத்துப் பத்தாக நான்கு முறை. இரண்டு மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிற நாளில் வீட்டை ஒட்டடை அடித்து, ரேஷன் கடைக்கும் போய்வந்து, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தப் பழகுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அதிகம் உதவுகிறது.

தினமும் செய்ய இரண்டு பயிற்சி போதும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய கெண்டைக்காலை முப்பது நொடி இழுத்து நிற்பது. நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: பைக்கில் கியர் மாற்றும்போது இடது முன்பாதத்தில்தான் அத்தனை அழுத்தமும் விழும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிப் பாருங்கள்.

கால் ஆணியை பிளேடால் சீவலாமா?

கூடாது. நம்மில் பலர் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறோம், சின்னக் கீறலும் சீழ் பிடிக்கலாம். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது. மெலிந்த தோலையும் அது அரித்துவிடும். பாதத்தை ஊறவைத்து, பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் (பியூமிஸ்) லேசாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். அப்புறம் அழுத்தத்தைக் குறைக்கிற செருப்பு இல்லாவிட்டால் காய்ப்பு திரும்ப வரும்.

சர்க்கரையும் இருக்கிறது. என்ன செய்வது?

இரட்டைக் கவனம். தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

வாய்வுப் பதார்த்தம் சாப்பிடக் கூடாதா? முடக்கத்தான் கீரை நல்லதா?

உருளைக்கிழங்கோ பருப்போ முடக்குவாதத்தைக் கொண்டுவருவதில்லை. பயந்து பயந்து ஒவ்வொன்றாக விட்டவர்கள் கடைசியில் புரதமே இல்லாமல் மெலிந்துபோகிறார்கள். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன் நல்லது. முடக்கத்தான் தோசையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடாதீர்கள். எடை அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் பாதத்துக்கு நிம்மதி. புகை பிடிப்பவர்கள் அவசியம் நிறுத்த வேண்டும். அது நோயைத் தீவிரமாக்குகிறது, மருந்தின் பலனையும் குறைக்கிறது.

திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்று வேண்டுதல்.

14 கிலோமீட்டர், வெறுங்காலோடு, தார்ச்சாலையில். நோய் அடங்காத பாதத்துக்கு இது அதிகம். கோயிலுக்குள் வெறுங்காலோடு போய் சாமி கும்பிட்டு வரலாம், கல் சுடாத காலை வேளையாகப் பாருங்கள். சுற்றுவதை ஆட்டோவில் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டுதலை மாற்றிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தால். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால். விரல் நுனி கறுத்தால். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால். குதிகாலுக்கு மேலே ‘டப்’பென்று அறுந்த மாதிரி உணர்ந்தால். காய்ப்பு உடைந்து புண் ஆனால். ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு, அடிபடாமலே புறங்காலில் குறிப்பான இடத்தில் வலி வந்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது?

மருந்தும் செருப்பும் முயன்று பார்த்த பிறகும் நடக்க முடியாவிட்டால். கட்டைவிரல் மூட்டை அசையாமல் இணைப்பது, வளைந்த விரல்களை நேராக்குவது, கணுக்காலை இணைப்பது என்று பல வகை. நன்றாகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் வலி வெகுவாகக் குறையும். உயிரியல் மருந்து (பயாலஜிக் என்று சொல்லும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) ஊசி போடுபவர்கள் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று மூட்டுவாத டாக்டரையும் அறுவை சிகிச்சை டாக்டரையும் கலந்து பேச வைக்க வேண்டும்.

“பார்க்க நல்லாத்தானே இருக்கே” என்கிறார்கள். வீட்டில் யாரும் நம்பவில்லை.

பாதம் செருப்புக்குள் மறைந்திருப்பதால் இந்தப் பேச்சு நமக்கு இன்னும் அதிகம் கிடைக்கும். ஒரு தடவை வீட்டு ஆளை டாக்டரிடம் கூட்டிப்போய், எக்ஸ்ரேயை அவருக்கே காட்டச் சொல்லுங்கள். “கால் வலிக்குது” என்று பொதுவாகச் சொல்வதை விட, “இன்னைக்கு என்னால பத்து நிமிஷம்தான் நிக்க முடியும், இட்லி நீங்க ஊத்துங்க” என்று சொன்னால் வேலை நடக்கிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நெடுநாள் வலியோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சகஜம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று அது சொல்கிறது. நாற்காலி கேட்பது உங்கள் உரிமை. கவுண்டர், பில் போடும் இடம் என்று உட்கார்ந்து செய்யும் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள், டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பேச்சு எளிதாகும்.

பாதமும் கையும் நிரந்தரமாகக் கோணிப்போனவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு சட்டப்படி கை கால் இயக்கக் குறைபாடும் அந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். மருத்துவக் குழு நேரில் பார்த்துத்தான் சதவீதம் போடும். போகும்போது பழைய எக்ஸ்ரே, சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள், அங்கேயும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள்.